குரலுக்கு மீட்டர் உண்டா? எவ்வளவு பேசினால் அதிகம்?

கேள்வி சுருக்கமாக இது: நீங்கள் தினமும் ஆறு மணி நேரம் வகுப்பெடுக்கிறீர்கள். மதியத்துக்கு மேல் குரல் கம்மத் தொடங்குகிறது. சாயங்காலம் வீட்டில் வாயைத் திறக்கவே பிடிப்பதில்லை. நடந்த அடிகளை எண்ணும் கைக்கடிகாரம் போல, பேசிய அளவை எண்ணிச் சொல்லும் கருவி இருக்கிறதா, இத்தனைக்கு மேல் போனால் தொண்டை கெடும் என்று ஒரு எல்லை இருக்கிறதா என்று கேட்டிருந்தீர்கள்.

கருவி இருக்கிறது. எல்லை கிடையாது. யாரும் தேடாமல் இல்லை, நன்றாகவே தேடினார்கள். எல்லாருக்கும் பொருந்தும் ஓர் எண் அகப்படவில்லை. அது ஏன் அகப்படவில்லை என்பதில்தான் உங்களுக்குப் பயன்படும் விஷயம் ஒளிந்திருக்கிறது, அதனால் கொஞ்சம் விலாவாரியாகவே சொல்கிறேன். நான் குரல் சிகிச்சை செய்கிறவன். என்னிடம் வருகிறவர்களில் ஆசிரியர்களே அதிகம், ஆகவே உங்கள் கதை எனக்குப் பழக்கமான கதை.

முதலில் எதை அளக்கிறோம் என்று பார்ப்போம். "ஆறு மணி நேரம் பேசினேன்" என்று சொல்கிறோமே தவிர, அந்த ஆறு மணி நேரமும் குரல் நாண்கள், அதாவது குரல்வளைக்குள் அதிர்ந்து ஒலி எழுப்பும் இரண்டு மடிப்புகள், அதிர்ந்துகொண்டிருப்பதில்லை. இரண்டு விரலைக் குரல்வளை மேல் லேசாக வைத்துக்கொண்டு "மலை" என்று இழுத்துச் சொல்லுங்கள். முதலிலிருந்து கடைசிவரை விர்ரென்று அதிர்வு தெரியும். இப்போது "பச்சை" என்று சொல்லுங்கள். நடுவில் வல்லினம் இரட்டிக்கும் இடத்தில் அதிர்வு சட்டென்று அறுந்து மறுபடி பிடித்துக்கொள்ளும். இப்படி வல்லினத்தில் ஒரு நிறுத்தம், மூச்சு வாங்க ஒரு நிறுத்தம், அடுத்து என்ன சொல்வது என்று யோசிக்க ஒரு நிறுத்தம், கரும்பலகையில் எழுதும்போது ஒரு நிறுத்தம். இவற்றையெல்லாம் கழித்தால் மிஞ்சுவதுதான் குரலின் உண்மையான உழைப்பு நேரம்.

அமெரிக்காவின் தேசியக் குரல் பேச்சு மையத்தைச் சேர்ந்த எரிக் ஹன்டரும் இங்கோ டீட்ஸியும் 57 ஆசிரியர்களுக்கு ஆளுக்கு இரண்டு வாரம் கருவி மாட்டி இதை எண்ணினார்கள். 2010இல் வெளியான முடிவு: வேலை நேரத்தில் சராசரியாக 30 சதவீத நேரம்தான் குரல் நாண்கள் அதிர்கின்றன. வேலைக்கு வெளியே அதில் பாதிகூட இல்லை. ஆனால் ஆளுக்கு ஆள் வித்தியாசம் பெரிது: பலர் 20 முதல் 40 சதவீதத்துக்குள் எங்கெங்கோ சிதறிக் கிடந்தார்கள். ஒரே பள்ளி, ஒரே பாடம், ஒரே நேரம் என்றாலும் ஒருவரின் குரல் அடுத்தவர் குரலைவிட இரண்டு மடங்கு வேலை செய்யலாம் என்று அர்த்தம். அதே குழுவினர் 31 ஆசிரியர்களிடம் முன்னர் செய்த ஆய்வில் இன்னொன்றையும் எண்ணியிருந்தார்கள். வேலை நேரத்தில் மணிக்குச் சுமார் 1800 தடவை குரல் தொடங்கி நிற்கிறது. அதாவது இரண்டு நொடிக்கு ஒரு தடவை நாண்கள் ஒன்றோடொன்று சேர்ந்து, அதிர்ந்து, விலகுகின்றன.

இதை உங்கள் நாளுக்குப் போட்டுப் பார்ப்போம். ஆறு மணி நேரத்தில் 30 சதவீதம் என்றால் 6480 நொடி. பெண்குரல் பேச்சில் நொடிக்கு ஏறத்தாழ 200 தடவை அதிர்கிறது, ஆண்குரல் ஏறத்தாழ 120 தடவை. அப்படியானால் ஓர் ஆசிரியையின் குரல் நாண்கள் ஒரே வேலைநாளில் கிட்டத்தட்ட 13 லட்சம் தடவை மோதி விலகுகின்றன. ஓர் ஆசிரியருக்குச் சுமார் 7 லட்சத்து 80 ஆயிரம். உடம்பில் வேறெந்தத் திசுவுக்கும் இப்படி ஒரு வேலை கிடையாது. நாள் முழுக்கக் கைதட்டினால்கூட உள்ளங்கை இந்தக் கணக்கின் பக்கத்தில் வராது. குரல் கட்டிக்கொள்கிறதே என்று எல்லாரும் ஆச்சரியப்படுகிறார்கள். எனக்கு நேர்மாறான ஆச்சரியம்: மறுநாள் காலையில் அது திரும்பி வந்துவிடுகிறதே!

இந்த உழைப்பைக் கணக்கிட டீட்ஸியும் அவருடைய சகாக்களும் 2003இல் மருந்துக்குச் சொல்வது போலவே "டோஸ்" என்ற சொல்லை எடுத்தாண்டார்கள். அதிர்ந்த நேரம் ஒரு டோஸ். அதிர்ந்த தடவைகள் ஒரு டோஸ். மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது: தூர டோஸ். நாணின் ஓரத்தில் இருக்கும் ஒரு புள்ளி போய் வந்து போய் வந்து மொத்தம் எவ்வளவு தூரம் பயணம் செய்தது என்று மீட்டர் கணக்கில் சொல்வது. சத்தமாகப் பேசினால் வீச்சு பெரிதாகும், தூரம் கூடும். கீச்சென்று பேசினால் தடவைகள் கூடும், அப்போதும் தூரம் கூடும். நேரத்தை மட்டும் எண்ணினால் தவறிப்போகும் விஷயங்கள் இதில் பிடிபடுகின்றன.

எல்லையைத் தேடும் முயற்சியும் இங்கேதான் நடந்தது. துளையிடும் கருவி, அரவை இயந்திரம் பிடித்து வேலை செய்கிறவர்களின் கைகள் எவ்வளவு அதிர்வைத் தாங்கலாம் என்று தொழிற்சாலைகளுக்கு ஏற்கெனவே விதி இருக்கிறது. அதே விதியைக் குரல் நாணுக்குப் பெயர்த்தால் என்ன வரும் என்று டீட்ஸி குழுவினர் தங்கள் 2003 கட்டுரையில் கணக்குப் போட்டார்கள். சுமார் 500 மீட்டர் வந்தது. இடைவிடாமல் "ஆ" என்று இழுத்தால் 17 நிமிடம். சாதாரணமாக வாய்விட்டுப் படித்தால் ஏறத்தாழ 35 நிமிடம். அவ்வளவுதான் பாதுகாப்பான அளவாம்!

ஆண்குரலுக்கு நொடிக்கு 120 அதிர்வு என்று வைத்து 500 மீட்டரை 17 நிமிடத்தால் வகுத்துப் பாருங்கள், ஓர் அதிர்வுக்குச் சுமார் 4 மில்லிமீட்டர் வரும். முன்னால் சொன்ன 7 லட்சத்து 80 ஆயிரத்தை அதோடு பெருக்கினால் நாளுக்கு மூன்று கிலோமீட்டருக்கு மேல். "எல்லையை"ப் போல ஆறு மடங்கு. தொண்டையில் ஒரு குறையும் இல்லாத ஆசிரியர்கள்கூட இதைத் தினமும் தாண்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள். இந்த எல்லை குரலுக்கு மிகக் குறைவாக இருக்கிறது, கைத்திசுவும் குரல் நாண் திசுவும் ஒன்றல்ல, பேச்சின் நடுவே வரும் இடைவெளிகளில் திசு மீள்கிறது என்றெல்லாம் அந்தக் கட்டுரையே ஒப்புக்கொள்கிறது. இருபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது, தொழிலாளியின் கைக்கு இருப்பது போல ஆசிரியரின் தொண்டைக்கு எண்ணில் எழுதிய விதி இன்னும் வரவில்லை. "தினமும் இத்தனை மணி நேரம்தான் பேசலாம்" என்று யாராவது அடித்துச் சொன்னால், எங்கிருந்து எடுத்தீர்கள் என்று கேளுங்கள்.

சரி, கருவிக்கு வருவோம். விரல் வைத்து அதிர்வைத் தொட்டுப் பார்த்தீர்களே, கருவியும் அதைத்தான் செய்கிறது. குரல்வளைக்குக் கீழே, கழுத்தெலும்புக் குழிக்குச் சற்று மேலே, சட்டைப் பொத்தான் அளவுள்ள ஓர் அதிர்வு உணரியை ஒட்டிவிடுவார்கள். செல்போனைத் திருப்பினால் திரையும் திரும்புகிறதே, அதற்குள் இருக்கும் ஆக்சிலரோமீட்டர் வகையைச் சேர்ந்ததுதான். மைக் வைத்தால் போதாதா என்று தோன்றும். மைக்கில் பக்கத்தில் இருப்பவர் பேச்சும் விழும், மின்விசிறிச் சத்தமும் விழும், நீங்கள் நாள் முழுக்க யாரிடம் என்ன பேசினீர்கள் என்பதும் பதிவாகும். கழுத்துத் தோலின் அதிர்வில் உங்கள் குரல் மட்டும்தான் இருக்கும். சொற்கள் தெளிவாகப் பிடிபடாது. அந்தரங்கத்துக்கும் அது நல்லது.

2000-களில் கேபென்டாக்ஸ் நிறுவனம் இப்படி ஒரு கருவியை மருத்துவமனைகளுக்கு விற்றது, இடுப்பில் ஒரு பெட்டி கட்டிக்கொள்ள வேண்டும். அப்புறம் ஸ்வீடனிலிருந்து கழுத்துப் பட்டை வடிவில் வாக்ஸ்லாக் வந்தது. 2012 வாக்கில் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையின் குரல் மையத்தினர் பெட்டிக்குப் பதிலாக ஸ்மார்ட்போனையே பதிவுக்கருவியாக்கினார்கள். கடையில் போய்க் கைக்கடிகாரம் வாங்குவது போல வாங்கும் நிலைக்கு இவை எதுவும் வரவில்லை. ஆய்வுக்கூடங்களிலும் பெரிய குரல் மையங்களிலும்தான் பார்க்கலாம். மாட்டுவதற்கு முன் ஒவ்வொருவருக்கும் அளவு திருத்தவும் வேண்டும்: ஒரு மைக் முன்னால் மெதுவிலிருந்து உரக்கவரை பேசவைத்து, இந்த அளவு தோல் அதிர்வு என்றால் இத்தனை டெசிபல் சத்தம் என்று பழக்குவார்கள். அதைச் செய்யாத எண்ணுக்கு மதிப்பு குறைவு, ஏனென்றால் கழுத்துக்குக் கழுத்து சதைப்பற்று மாறும்.

நானும் ஒருமுறை ஆர்வக்கோளாறில் ஒரு வாரம் மாட்டிக்கொண்டு திரிந்தேன். ஒரு நாளில் எனக்கு மிக உரத்த நேரம் வேலையில்தான் இருக்கும் என்று நினைத்திருந்தேன். வரைபடத்தைப் பார்த்தால், ஓடும் வண்டிக்குள் போனில் பேசிய இருபது நிமிடம்தான் மலை மாதிரி எழும்பி நிற்கிறது. அன்றிலிருந்து வண்டியில் போனை எடுப்பதில்லை. கருவியின் உண்மையான உபயோகம் இந்த மாதிரிக் கண்டுபிடிப்புதான். மொத்தம் எத்தனை லட்சம் என்பதைவிட, எந்த நேரத்தில், எங்கே, யாரோடு பேசும்போது ஏறுகிறது என்பது தெரியவருகிறது.

மொத்தத்தை நம்பாதீர்கள் என்று நான் சொல்வதற்கு வலுவான காரணம் ஒன்று உண்டு. 2015இல் வான் ஸ்டான் என்ற குரல் ஆய்வாளரின் குழுவினர், குரல் நாணில் காய்ப்பு போன்ற தடிப்புகள் வந்த பெண்களையும், அதே வயது, அதே தொழில் உள்ள நோயில்லாத பெண்களையும் இணை இணையாகச் சேர்த்து ஒரு வாரம் கருவி மாட்டினார்கள். நோயாளிகள் அதிகம் பேசுவார்கள், சத்தமாகப் பேசுவார்கள் என்றுதான் எல்லாரும் எதிர்பார்ப்போம். "ஓயாமல் கத்தினால் இப்படித்தான்" என்று தலைமுறை தலைமுறையாகத் திட்டும் வாங்கியிருக்கிறார்கள், பாவம். முடிவில், சராசரி சத்தம், சராசரி சுருதி, டோஸ் எதிலும் இரண்டு தரப்புக்கும் வித்தியாசம் தென்படவில்லை.

ஒரே தூரம் நடந்த இரண்டு பேரில் ஒருவர் செருப்பில் கல் இருந்த மாதிரிதான். அடிகளை எண்ணும் கருவிக்குக் கல் தெரியாது. அதே குழுவினர் பிறகு சராசரியை விட்டுவிட்டு, குரல் நாள் முழுக்க எப்படிப் பரவியிருக்கிறது என்று பார்த்தார்கள். அப்போது வித்தியாசம் வெளிவந்தது: நோயாளிகளின் பேச்சு அவரவர் சத்த எல்லையின் மேல்பக்கமாகச் சாய்ந்தே கிடந்தது, இறங்கி மெதுவாகப் பேசும் நேரம் குறைவு. நாண்கள் மூடிக்கொள்ளும் விதத்தில் நெகிழ்வும் குறைவு. எப்போதும் ஒரே மாதிரி டக்கென்று அறைந்து மூடுகின்றன. 2020இல் இந்த இரண்டையும் சேர்த்து ஒரு குறியீடாகவே வெளியிட்டார்கள். நோய் வந்ததால் அப்படிப் பேசுகிறார்களா, அப்படிப் பேசியதால் நோய் வந்ததா என்ற கேள்வி தனி. தடித்த நாணை அதிரவைக்கக் கூடுதல் அழுத்தம் வேண்டும், அழுத்தினால் இன்னும் தடிக்கும். பெரும்பாலும் இரண்டும் சுற்றிச் சுற்றி ஒன்றையொன்று வளர்க்கின்றன என்பதுதான் நான் நேரில் பார்ப்பது.

சத்தத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் கையில் இருக்கும் செல்போனிலேயே அதை ஓரளவு அளக்கலாம். டெசிபல் காட்டும் ஆப்கள் நிறைய இருக்கின்றன. சாதாரண உரையாடல் ஒரு மீட்டர் தூரத்தில் 60 டெசிபலை ஒட்டி இருக்கும். இதில் எல்லாரும் சறுக்கும் இடம் தூரம். அதே குரலை 30 சென்டிமீட்டரில் அளந்தால் ஒரு மீட்டரில் காட்டுவதைவிடச் சுமார் 10 டெசிபல் கூடுதலாகக் காட்டும். ஆகவே, "நேற்று 72, இன்று 65, குறைத்துவிட்டேன்" என்று மகிழ்வதற்கு முன் போன் அதே இடத்தில்தான் இருந்ததா என்று பார்க்க வேண்டும். அளப்பதானால் உதட்டிலிருந்து 30 சென்டிமீட்டர் என்று ஒரு தூரத்தைப் பிடித்துக்கொண்டு எப்போதும் அதையே வையுங்கள். போனுக்குப் போன் எண் மாறும். உங்கள் எண்ணை உங்கள் பழைய எண்ணோடு மட்டும் ஒப்பிடுங்கள்.

அந்த ஆப்பை உங்கள் குரலை விட்டுவிட்டு வகுப்பறையை அளக்கப் பயன்படுத்தினால் பலன் இன்னும் அதிகம். நீங்கள் வாய் திறப்பதற்கு முன் அறையில் எவ்வளவு சத்தம் இருக்கிறது? சுற்றுச் சத்தம் ஏறினால் நாம் அறியாமலே குரலை ஏற்றுகிறோம் என்பதை 1911இலேயே எட்டியென் லோம்பார்ட் என்ற பிரெஞ்சு மருத்துவர் எழுதிவைத்தார். இன்றும் அவர் பெயரில்தான் அந்த விளைவை அழைக்கிறோம். சத்தம் 10 டெசிபல் ஏறினால் பேச்சு பொதுவாக 3 முதல் 5 டெசிபல் ஏறும். வேண்டாம் என்று முடிவெடுத்தாலும் முழுதாக நிறுத்த முடியாது, அனிச்சையாகவே நடக்கும். அமெரிக்காவின் வகுப்பறை ஒலித் தரவிதி ஆளில்லாத வகுப்பறையில் சத்தம் 35 டெசிபலைத் தாண்டக் கூடாது, எதிரொலி 0.6 நொடிக்குள் அடங்க வேண்டும் என்கிறது. அந்த 35ஐ எட்டும் வகுப்பறைகளை நான் அபூர்வமாகவே பார்த்திருக்கிறேன். மின்விசிறியும், ஜன்னலுக்கு வெளியே தெருவும், பக்கத்து வகுப்பும் இருக்கும்போது ஆசிரியரிடம் போய் "மெதுவாகப் பேசுங்கள்" என்று அறிவுரை சொல்வதில் அர்த்தமே இல்லை.

ஹன்டர், டீட்ஸி ஆய்வில் இன்னொரு சின்ன விஷயம் இருந்தது. ஆசிரியர்களின் சத்தம் நாள் முழுக்க ஏறக்குறைய ஒரே அளவில்தான் நின்றது. சுருதி மட்டும் காலையிலிருந்து மாலைக்குள் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறியது. களைத்த குரல் கட்டைக் குரலாகும் என்று நினைப்போம், இங்கே நேர்மாறு. அதே சத்தத்தைத் தக்கவைக்கத் தசைகள் இறுகி நாண்களை இழுத்துப் பிடிக்கின்றன என்பது ஒரு விளக்கம். உங்கள் முதல் வகுப்பில் ஒரு நிமிடம், கடைசி வகுப்பில் ஒரு நிமிடம் போனில் பதிவு செய்து அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். பலருக்கு அதிலேயே தெரிந்துவிடும்.

மருத்துவமனையில் செய்யும் அளவுகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். "ஆ" என்று இழுக்கவைத்துப் பதிவு செய்து, அதிர்வுக்கு அதிர்வு நேரம் எவ்வளவு தடுமாறுகிறது என்று பார்ப்பது ஜிட்டர், வீச்சு எவ்வளவு தடுமாறுகிறது என்று பார்ப்பது ஷிம்மர். ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தின் போர்ஸ்மாவும் வீனிங்கும் எழுதிய பிராட் என்ற இலவச மென்பொருளில் நீங்களே பார்க்கலாம். ஆனால் அந்த எண்களைப் பார்த்துப் பயப்படாதீர்கள். நன்றாகக் கரகரத்த குரலில் ஓர் அதிர்வு எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்றே மென்பொருளுக்குப் பிடிபடாது. அப்போது ஜிட்டர் எண்ணுக்கு மதிப்பு இல்லை. அதனால்தான் இப்போது, ஒவ்வொரு அதிர்வாகப் பிரிக்காமல் குரலின் ஒழுங்கை மொத்தமாகப் பார்க்கும், தொடர் பேச்சிலும் நம்பகமாக வரும் கெப்ஸ்ட்ரல் அளவுகளை அதிகம் பயன்படுத்துகிறார்கள்.

மூச்சுப் பிடித்து "ஆ" எத்தனை நொடி இழுக்க முடிகிறது என்பது பழைய சோதனை. பெரியவர்களுக்கு 10 நொடிக்குக் கீழே போனால் கவனிப்போம். இன்னொன்று, "ஸ்ஸ்ஸ்" என்று வெறும் காற்றாக எவ்வளவு நேரம் விட முடிகிறது, அதையே வண்டு ரீங்காரம் போலக் குரலோடு எவ்வளவு நேரம் விட முடிகிறது என்ற விகிதம். நாண்கள் ஒழுங்காக மூடினால் இரண்டும் ஏறக்குறைய சமம். முதலாவது இரண்டாவதைப் போல 1.4 மடங்குக்கு மேல் இருந்தால் காற்று எங்கோ கசிகிறது என்று சந்தேகப்படலாம். அந்த ரீங்கார ஒலி தமிழில் எழுத்தாக இல்லாததால் பலர் முதல் முறை தடுமாறுவார்கள்; இரண்டு தடவை பழகியபின் நேரம் பார்ப்பதுதான் நியாயம்.

கேள்வித்தாள்களும் அளவுகோல்தான். 1997இல் வந்த குரல் பாதிப்புக் குறியீடு 30 கேள்வி, மொத்தம் 120 மதிப்பெண். அதைச் சுருக்கிப் பத்துக் கேள்வியாக்கியதில் 40க்கு 11ஐத் தாண்டினால் கவனிக்க வேண்டும் என்பது நடைமுறை. உங்கள் நிலைமைக்கு 2015இல் வந்த குரல் களைப்புக் குறியீடு இன்னும் பொருந்தும். அதன் 19 கேள்விகளில் மூன்று மட்டும் வேறு தினுசு: "ஓய்வு எடுத்தால் சரியாகிறதா?" என்று சுற்றிவந்து கேட்கின்றன. எனக்கு அந்த மூன்றும்தான் மற்ற பதினாறைவிட முக்கியம்.

ஏனென்றால், அளக்கத் தகுந்தது எவ்வளவு பேசினீர்கள் என்பதைவிட எவ்வளவு சீக்கிரம் மீள்கிறீர்கள் என்பதே. 2009இல் ஹன்டரும் டீட்ஸியும் 86 பேரை இரண்டு மணி நேரம் வாய்விட்டுப் படிக்கவைத்து, பிறகு குரல் எப்படித் திரும்புகிறது என்று தொடர்ந்து பார்த்தார்கள். 4 முதல் 6 மணி நேரத்தில் 90 சதவீதம் திரும்பிவிட்டது. மிச்சம் இருந்த அந்தப் பத்து சதவீதம்தான் அடம்பிடித்தது. முழுதாகத் திரும்ப 12 முதல் 18 மணி நேரம் ஆனது. மாலை நாலு மணிக்கு வகுப்பை முடித்து மறுநாள் ஒன்பது மணிக்கு ஆரம்பிக்கும் ஒருவருக்கு நடுவில் கிடைப்பது 17 மணி நேரம். சாயங்காலம் தனி வகுப்பும் எடுத்தால் 12 மணி நேரம்தான். கணக்கு எங்கே இடிக்கிறது என்று தெரிகிறதா?

இதை வீட்டில் அளக்கக் கருவி வேண்டாம், ஒரு நோட்டு போதும். அந்த ஆய்வாளர்களே ஆசிரியர்களிடம் பயன்படுத்திய மூன்று கேள்விகள் இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் ஒன்றிலிருந்து பத்துக்குள் ஒரு எண். பேச எவ்வளவு முயற்சி வேண்டியிருக்கிறது? தொண்டையில் எவ்வளவு உறுத்தல், வலி? மெல்லிய குரலில் பாட எவ்வளவு முடியாமல் இருக்கிறது? மூன்றாவதைச் செய்துபார்த்துத்தான் எழுத வேண்டும். எல்லாருக்கும் தெரிந்த பிறந்தநாள் வாழ்த்து மெட்டின் முதல் வரியை, உங்களால் முடிந்த உயர்ந்த சுருதியில், தூங்கும் குழந்தை விழித்துவிடாத அளவுக்கு மெல்லப் பாடுங்கள். நாணில் வீக்கம் இருந்தால் உரக்கப் பாடும்போது தெரியாது, காற்றழுத்தத்தால் தள்ளிக்கொண்டு போய்விடலாம். மெல்லப் பாடும்போதுதான் குரல் பிசிறும், அல்லது ஒரு கணம் வெறும் காற்று வந்து பிறகு குரல் ஒட்டிக்கொள்ளும். உங்கள் மூன்று எண்ணில் பொய் சொல்லாதது இதுதான். "பரவாயில்லை, சமாளிக்கிறேன்" என்று எழுதும் பழக்கம் நம் எல்லாருக்கும் உண்டு, பாட்டுக்கு அது தெரியாது.

எழுந்து அரை மணி கழித்து ஒரு தடவை, வேலை முடிந்ததும் ஒரு தடவை, படுக்கும் முன் ஒரு தடவை. இரண்டு வாரம் போதும். பக்கத்தில் அன்றைக்கு என்ன விசேஷம் என்று ஒரு வரி: தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்திய விளையாட்டுப் போட்டி, சளி, சரியாகத் தூங்காத இரவு. சாயங்காலம் ஏறிய எண் காலையில் பழையபடி இறங்கினால் அது வெறும் களைப்பு. கால் வலிப்பது போலத்தான், வந்துபோகும். திங்கள் காலை 2, செவ்வாய் காலை 3, வெள்ளி காலை 5 என்று படிக்கட்டு மாதிரி ஏறி, ஞாயிறு முடிந்ததும் இறங்கினால், ஒவ்வொரு இரவும் கொஞ்சம் கடன் வைத்துக்கொண்டு போகிறீர்கள். விடுமுறை முடிந்த திங்கள் காலையிலும் எண் இறங்கவில்லை என்றால் நோட்டை மூடிவிட்டுக் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போக வேண்டும்.

படிக்கட்டு தென்பட்டால் என்ன செய்வது? ஆசிரியர்களுக்கு நான் முதலில் சொல்வது மைக். 2002இல் நெல்சன் ராய் என்ற ஆய்வாளரின் குழுவினர் குரல் பிரச்சினை உள்ள 44 ஆசிரியர்களை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு இடுப்பில் கட்டும் சிறிய ஒலிபெருக்கி, ஒரு குழுவுக்குத் தண்ணீர் குடி, செருமாதே, கத்தாதே வகை அறிவுரை, ஒரு குழுவுக்கு எதுவும் இல்லை. ஆறு வாரம் கழித்து, மேலே சொன்ன குரல் பாதிப்புக் குறியீட்டில் தெளிவாக முன்னேறியது ஒலிபெருக்கிக் குழு மட்டும்தான். அறிவுரைக்கு எதிரி அல்ல நான், நானும் தினமும் சொல்கிறேன். ஆனால் சத்தமான அறையில் நாற்பது பேருக்கு முன்னால் அறிவுரை தோற்றுவிடுகிறது, மைக் தோற்பதில்லை. "மைக் வைத்தால் குரல் வளமில்லாதவர் என்று நினைப்பார்கள்" என்று தயங்குகிறவர்களுக்கு ஒரு கணக்கு: அமெரிக்காவின் இரண்டு மாநிலங்களில் 1243 ஆசிரியர்களையும் 1288 மற்றவர்களையும் விசாரித்த ஆய்வில், அந்த நேரத்தில் குரல் பிரச்சினை இருப்பதாகச் சொன்னவர்கள் ஆசிரியர்களில் 11 சதவீதம், மற்றவர்களில் 6.2 சதவீதம். வாழ்நாளில் ஒரு தடவையாவது வந்தது என்றவர்கள் 57.7க்கு 28.8. இது உங்கள் குரலின் குறை கிடையாது, வேலையின் தன்மை.

அடுத்தது இடைவெளி. நாள் முடிவில் ஒரு மணி நேரம் மௌனமாக இருப்பதைவிட, வகுப்புக்குள்ளேயே அங்கங்கே மூன்று நான்கு நிமிடம் மாணவர்களைப் படிக்கவோ எழுதவோ விடுவதை நான் விரும்புவேன். தூர டோஸ் கட்டுரையே பேச்சின் நடுவே வரும் இடைவெளிகள் தாங்கும் நேரத்தை நீட்டுகின்றன என்று சொல்கிறது. குரலைக் காப்பாற்றுவதாக நினைத்துக் கிசுகிசுப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2006இல் 100 நோயாளிகளைக் கிசுகிசுக்கவைத்துக் குரல்வளைக்குள் பார்த்தபோது, 69 பேருக்கு நாண்களுக்கு மேலே உள்ள தசைகள் சாதாரணப் பேச்சைவிட அதிகமாக இறுகின. சிலருக்குக் குறையவும் செய்தது. நீங்கள் எந்த ரகம் என்று வெளியிலிருந்து தெரியாது, அதனால் ஓய்வு என்றால் பேசாமலே இருந்துவிடுங்கள்.

மருத்துவரிடம் எப்போது போவது என்பதில் மட்டும் எண் தெளிவாகவே இருக்கிறது. குரல் கரகரப்பு நான்கு வாரத்தில் சரியாகவில்லை என்றால் குரல்வளைக்குள் பார்த்துவிட வேண்டும் என்பது 2018இல் திருத்திய அமெரிக்க வழிகாட்டுதல். அதற்கு முன் மூன்று மாதம் வரை பொறுக்கலாம் என்றிருந்தது. புகைபிடிப்பவர், கழுத்தில் கட்டி தென்படுகிறவர், விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமப்படுகிறவர், இருமும்போது இரத்தம் பார்த்தவர், அறுவை சிகிச்சைக்குப் பிறகு குரல் மாறியவர் நான்கு வாரமும் காத்திருக்க வேண்டாம். உள்ளே பார்ப்பதற்குப் பயப்பட ஒன்றும் இல்லை. 1854இல் மனுவேல் கார்சியா என்ற பாட்டு ஆசிரியர் ஒரு பல் மருத்துவக் கண்ணாடியையும் முகம் பார்க்கும் கண்ணாடியையும் சூரிய வெளிச்சத்தையும் வைத்துக்கொண்டு தன் குரல் நாண்களைத் தானே பார்த்தார். இன்று மெல்லிய கேமராவும் ஸ்ட்ரோபோஸ்கோப் விளக்கும் இருக்கின்றன. நொடிக்கு 200 தடவை அதிர்வதை ஆமை வேகத்தில் காட்டும். சில நிமிட வேலை.

போகும்போது அந்த இரண்டு வார நோட்டையும், முதல் வகுப்பு, கடைசி வகுப்புப் பதிவுகளையும் கொண்டுபோங்கள். பரிசோதனைக்குப் பெரும்பாலும் காலையில் நேரம் கொடுப்பார்கள். அப்போது உங்கள் குரல் நல்ல பிள்ளையாக இருக்கும்.